சீமெந்து குழைக்க முதல்: புதுக் கொமட்டில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

புதுக் கொமட் ஒன்று பெட்டியை விட்டு வெளியே வந்து, இன்னும் தரையில் பூட்டப்படாமல் இருக்கிற நேரத்தில்தான் அதில் பழுது உண்டா இல்லையா என்று தெளிவாகக் கண்டுபிடிக்கலாம். யாழ்ப்பாணத்து வீட்டு வேலைகளில் அந்த நேரம் கிடைப்பதேயில்லை. பட்டா லொறியில் இருந்து இறக்கின கையோடு மேசன் கலவை குழைக்கத் தொடங்கிவிடுவார். அடியில் சீமெந்து, பின்வாய் பைப்போடு சேரும் இடத்தில் சீமெந்து, சுற்றிவர வெள்ளைச் சீமெந்து. அடுத்த நாள் தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது அடியில் ஈரம் தெரிந்தால், அதை உடைக்காமல் கழற்ற வழியில்லை. உடைந்ததைக் கடையில் மாற்றவும் முடியாது. பழுது பீங்கானில் இருந்ததா, பூட்டின விதத்தில் வந்ததா என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

ஆகவே முதலில் மேசனிடம் சொல்ல வேண்டியது இதுதான்: “அண்ணை, நாளைக்குக் காலமை மட்டும் சீமெந்து வைக்க வேண்டாம். இரவு தண்ணி நிரப்பி வைச்சுப் பாத்திட்டுப் பூட்டுவம்.”

எங்கள் மண்ணுக்கு இது இன்னும் முக்கியம். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். கொமட்டின் அடியில் கசிகிற அழுக்குத் தண்ணீர் அதே கல்லுக்குள்தான் இறங்கும். நாங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கல்லுக்குள் இருந்துதான் வருகிறது. மாபிளுக்குக் கீழே ஒழுகுகிற கொமட்டை மாதக்கணக்கில் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் கிணறு அதை வாங்கிக்கொண்டிருக்கும்.

புதுக் கொமட்டில் காண்கிற குறை எதுவானாலும் அது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். பீங்கானில் இருக்கலாம், சிஸ்டர்னுக்குள் (பிளஷ் தண்ணீர் நிற்கும் தொட்டிக்குள்) இருக்கும் பிளாஸ்டிக், றப்பர் சாமான்களில் இருக்கலாம், அல்லது உங்கள் வீட்டுப் பைப் வேலையில் இருக்கலாம். முதலாவதென்றால் முழுக் கொமட்டையும் மாற்ற வேண்டும். இரண்டாவதென்றால் அந்தச் சாமானை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாவதென்றால் கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை. கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த மூன்றையும் பிரித்தறிவதற்கானவை.

கடையிலும் இறக்கும்போதும்

பெட்டியை உடைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஸ்ரான்லி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ எந்த ஹாட்வெயாரில் வாங்கினாலும், பெட்டியில் உள்ள மொடல் இலக்கமும் கொமட்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நிறத்தையும் பாருங்கள். கொமட் ஒரு வெள்ளை, சிஸ்டர்ன் இன்னொரு வெள்ளையாக வருவதுண்டு. அதைப் பகல் வெளிச்சத்தில்தான் கண்டுபிடிக்கலாம், கடையின் ரியூப் லைற்றுக்குக் கீழே தெரியாது.

தூக்கும்போது அடிப்பாதத்திலும் முன்விளிம்பிலும் பிடித்துத் தூக்க வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாயில் பிடித்துத் தூக்கினால் அந்த வளைவில்தான் மயிரிழை வெடிப்பு விழும். ஒற்றைத் துண்டாக வரும் கொமட் 40 கிலோ அளவில் பாரமாக இருக்கும், இரண்டு பேர் இல்லாமல் இறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த உடனே, பெட்டி மூடியிருக்கும்போது ஒரு படம், திறந்த பிறகு நாலு பக்கமும் படம், பில்லையும் உத்தரவாதக் காட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டியையும் றெஜிபோமையும் வேலை முடிந்து ஒரு கிழமை ஆகும் மட்டும் எறியாதீர்கள்.

வெடிப்பா, கோடா

காய்ந்த துணியால் முழுவதையும் துடைத்துவிட்டு, விரல் மொட்டியாலோ மரக்கைபிடி ஒன்றாலோ பல இடங்களில் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். வெடித்த பீங்கான் அந்த இடத்தில் அடைத்த சத்தமாக, ‘டொக்’ என்று கேட்கும். றெஜிபோமின் மேலோ சாக்கின் மேலோ வைத்துத் தட்டினால் எல்லாமே அடைத்துத்தான் கேட்கும். இரண்டு மரச் சட்டங்களின் மேல் வைத்துத் தட்டுங்கள்.

பிறகு அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பீங்கானோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மயிரிழை வெடிப்பு மறைந்துவிடும், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழும். சந்தேகமான கோட்டில் தண்ணீர் தடவித் துடையுங்கள். சுற்றியுள்ள இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது வெடிப்பு. கறுப்பு மையோ நீல மையோ தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மேல் பளபளப்புப் பூச்சில் மட்டும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் அது வேறு விடயம். நல்ல கொமட் செய்யும் பீங்கான் உள்ளே கண்ணாடித்தன்மையாகச் சுடப்பட்டது. அதன் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. இதைச் சோதிக்க அடிப்பாதத்தில் பூச்சில்லாத இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு துளி மை விட்டுத் துடைக்கும்போது பெரும்பாலும் போய்விட்டால் உடல் நல்லது. மை உள்ளே இறங்கிப் பரவினால் அது சரியாகச் சுடாத மலிவு மண். அப்படிப்பட்ட உடலில் பூச்சுக் கோடு விழுந்தால் அந்தக் கோட்டால் அழுக்கும் மணமும் உள்ளே ஏறும். வாங்க வேண்டாம்.

அடிப்பாதத்தில் பூச்சு இல்லாதது பழுதல்ல. சிஸ்டர்னின் உட்பக்கம் பூச்சில்லாமல் சொரசொரப்பாக இருப்பதும் அப்படித்தான். ஆனால் ஆணி பூட்டும் துளையில் இருந்து ஒரு கோடு ஓடினால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். ஆணி இறுகும்போது அந்தக் கோடு நீளும்.

அடி மட்டமாக இருக்கிறதா

அச்சில் வார்த்த களிமண், காய்ந்து சுமார் 1,200 பாகை செல்சியஸில் சுடப்பட்டு வெளியே வரும்போது, பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அவ்வளவு சுருங்கும் ஒரு பொருளில் துளி நெளிவும் இல்லாமல் இருக்காது. கேள்வி எவ்வளவு நெளிவு என்பதுதான்.

கொமட்டை மாபிள் போட்ட மட்டமான தரையில் வையுங்கள். அந்தத் தரை மட்டமா என்று முதலில் லெவல் வைத்துப் பாருங்கள். பூட்டப் போகிற பாத்ரூம் தரையில் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு இருக்கும். அதன் மேல் வைத்துவிட்டுக் கொமட் ஆடுகிறது என்று சொல்வது பிழை. மட்டமான தரையில் நாலு மூலையிலும் மாறி மாறி அமத்துங்கள். ஆடினால் இடைவெளியை அளக்க மாபிள் வேலைக்கு வாங்கின 2 மி.மீ., 3 மி.மீ. ஸ்பேசர் துண்டுகள் போதும். 3 மி.மீ. ஸ்பேசர் உள்ளே போகாவிட்டால் கவலையில்லை, பிளாஸ்டிக் ஆப்பு வைத்துச் சரிக்கட்டலாம். இரண்டு 3 மி.மீ. துண்டு ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளே போனால் அந்தக் கொமட்டைத் திருப்பிக் கொடுங்கள். “சீமெந்து வைச்சா எல்லாம் சரியாகும்” என்று மேசன் சொல்வார். ஆட்டம் நிற்கும், உண்மைதான். ஆனால் பாரம் முழுவதும் இரண்டு மூலையில் நிற்கும், ஒரு பாரமான ஆள் இருக்கும் நாளில் பாதம் வெடிக்கும்.

மேல்விளிம்புக்கும் லெவல் வையுங்கள், இடம் வலமாகவும் முன் பின்னாகவும். இருக்கை மூடியைப் பூட்டாமல் சும்மா வைத்துப் பார்த்தால், விளிம்பு நெளிந்திருந்தால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சிஸ்டர்னையும் அதன் இடத்தில் றப்பர் இல்லாமல் வைத்துப் பாருங்கள். சிஸ்டர்ன் மூடி கொஞ்சம் ஆடுவது பார்வைக் குறை மட்டும்தான், அதற்காக முழுச் செற்றையும் திருப்ப வேண்டியதில்லை. அடியில் றப்பர் உட்காரும் வட்டம் மட்டும் பூச்சு வழிந்த கட்டியோ பள்ளமோ இல்லாமல் வழுவழுப்பாக இருக்க வேண்டும். விரலை வட்டமாக ஓட்டிப் பார்த்தாலே பிடிபடும். அதில் மேடு பள்ளம் இருந்தால் எந்த றப்பரும் தண்ணீரைப் பிடிக்காது.

உள்வழி அடைபட்டிருக்கிறதா

வார்க்கும்போது உள்ளே தங்கிய களிமண் கட்டி வளைவுக்குள் அப்படியே சுடப்பட்டு நிற்பது கொமட்டில் வரக்கூடிய மோசமான பழுது. வெளியே எல்லாம் வடிவாக இருக்கும். பூட்டின பிறகு அடிக்கடி அடைக்கும். வீட்டார் பைப்பைக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்குச் சோதனை ஒரு பிங்பொங் பந்து. அதன் குறுக்களவு 40 மி.மீ. பந்தில் நூல் ஒன்றை டேப்பால் ஒட்டிவிட்டு, காய்ந்த கொமட்டின் கிண்ணத்துக்குள் போட்டு, இரண்டு பேர் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பின்வாயால் வெளியே வர வைக்க வேண்டும். சிக்கினால் நூலைப் பிடித்து இழுக்கலாம். நல்ல கொமட்டில் பந்து உரசாமல் உருண்டு வரும்.

விளிம்புக்கு அடியில் துளைகள் உள்ள வகையென்றால், சின்னக் கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்து எல்லாத் துளையையும் பாருங்கள். பூச்சு வழிந்து மூடியவை ஒன்றிரண்டு இருக்கலாம். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தால் சரி. தொடர்ச்சியாக ஒரு பக்கம் முழுவதும் மூடியிருந்தால் அந்தப் பக்கம் ஒருநாளும் கழுவுப்படாது.

வாளிச் சோதனை

கொமட்டை வெளியே கொண்டுபோய், சாக்கு விரித்த சீமெந்துக் கற்களின் மேல் லெவலாக வையுங்கள். பின்வாய் திறந்து இருக்க வேண்டும். வளைவில் தண்ணீர் நிற்கும் மட்டும் ஊற்றி, ஏழெட்டு ரிசுத் துண்டுகளைக் கசக்கி உள்ளே போடுங்கள். இப்போது 6 லீற்றர் தண்ணீரை வாளியால் மூன்று செக்கன் அளவில் ஊற்றுங்கள். கடதாசி முழுவதும் வெளியே போய்விட்டால் பீங்கானின் வழி நல்லது. இந்தச் சோதனையில் சிஸ்டர்னும் இல்லை, வீட்டுப் பைப்பும் இல்லை. வந்த விடை பீங்கானைப் பற்றியது மட்டுமே. அதனால்தான் இதைப் பூட்ட முதல் செய்துவிட வேண்டும் என்கிறோம்.

பூட்டின பிறகு இதே வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வெளியே நன்றாக இழுத்தது, பூட்டின பிறகு வாளியால் ஊற்றியும் தண்ணீர் விளிம்பு மட்டும் ஏறி மெல்ல இறங்குகிறதென்றால், குற்றம் பைப்பில். சரிவு போதாமல் இருக்கலாம். 110 மி.மீ. பைப்புக்கு ஒரு மீற்றருக்கு 25 மி.மீ. இறக்கம் வைத்தால் நன்றாக ஓடும். குழிக்குப் போகும் வழியில் காற்றுப் பைப் வைக்காமல் விட்டிருக்கலாம். பைப் வாய்க்குள் கலவை விழுந்து இறுகியிருக்கலாம், இதுதான் கூடுதலாக நடப்பது. வாளியால் ஊற்றினால் நன்றாக இழுக்கிறது, பட்டனை அமத்தினால் மட்டும் இழுக்கவில்லையென்றால், குற்றம் சிஸ்டர்னில் அல்லது விளிம்புத் துளைகளில்.

இரவு முழுக்கத் தண்ணீர்

அதே கற்களின் மேல், சிஸ்டர்னை அதன் றப்பரோடும் ஆணிகளோடும் பூட்டி, வாளியால் சிஸ்டர்னின் உட்பக்கக் கோடு மட்டும் நிரப்புங்கள். கிண்ணத்திலும் தண்ணீர் நிற்கட்டும். சிஸ்டர்னிலும் கிண்ணத்திலும் தண்ணீர் மட்டத்தில் டேப் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள். கீழே காய்ந்த பேப்பர் விரியுங்கள்; பின்வாய்க்குக் கீழே தனியாக ஒரு பேப்பர். விடியும்போது பாருங்கள்.

ஒன்று இரண்டு மி.மீ. இறங்கினால் அது ஆவியாகிப் போனது. அதற்கு மேல் கிண்ணத்தில் இறங்கி, பின்வாய்க்குக் கீழே உள்ள பேப்பர் நனைந்திருந்தால், வளைவுக்குள் இருக்கும் தடுப்புச் சுவரில் வெடிப்பு. வெளியே இருந்து அதை ஒருநாளும் பார்க்க முடியாது. பூட்டின பிறகு அந்த வெடிப்பால் கசியும் தண்ணீர் நேரே பைப்புக்குள் போய்விடுவதால் தரையும் நனையாது. வளைவில் தண்ணீர் குறைந்து, குழியின் மணம் மட்டும் வீட்டுக்குள் வரும். பீங்கானின் வெளிப்பக்கம் நனைந்து பேப்பரில் சொட்டியிருந்தால் வெளிச்சுவரில் வெடிப்பு. இரண்டுக்கும் ஒட்டுமருந்து கிடையாது. “எபொக்சி போட்டுத் தாறன்” என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சிஸ்டர்ன் ஆணிகளைச் சுற்றி நனைந்திருந்தால் அது பெரும்பாலும் பழுதல்ல. றப்பர் வாசர் சிஸ்டர்னின் உள்ளே, ஆணித் தலைக்கும் பீங்கானுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரும்பு வாசர் வெளியே. மாற்றிப் போட்டால் ஒழுகும். ஆணிகளை மாறி மாறி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதைப் பிடித்தால் சிஸ்டர்ன் அடி வெடிக்கும். கையால் இறுக்கி முடிந்த பிறகு ஸ்பானரால் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். சிஸ்டர்ன் மிக இலேசாக அசையும் தன்மையோடு இருப்பது குற்றமில்லை.

பூட்டின பிறகு கிண்ணத் தண்ணீர் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சோளகக் காற்று பலமாக வீசும் நாளில் காற்றுப் பைப்பின் வாயை உரசிப் போகும் காற்றால் கிண்ணத் தண்ணீர் மேலும் கீழும் ஆடும். பக்கத்துப் பாத்ரூமில் பிளஷ் பண்ணும்போது இங்கே களகளவென்று சத்தம் கேட்டுத் தண்ணீர் குறைந்தால் காற்றுப் பைப் போதாது. இரவுச் சோதனையில் தேறிய கொமட்டென்றால் இவற்றுக்குப் பீங்கானைக் குறைசொல்ல முடியாது.

பழுது என்று கொண்டுவரப்படுபவை, ஆனால் பழுதல்ல

புதுக் கொமட் பற்றிய முறைப்பாடுகளில் பெரிய பங்கு சிஸ்டர்னுக்குள் இருக்கும் வால்வைப் பற்றியது. தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அல்லது நிரம்பவே இல்லை.

நிற்காமல் ஓடுவதற்கு முதல் காரணம் புதுப் பைப்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சிராய், மணல், பசைத் துண்டு. பைப் வெட்டினபோது உள்ளே விழுந்தவை எல்லாம் முதல் தண்ணீரோடு ஓடிவந்து வால்வின் மெல்லிய றப்பரில் உட்காரும். அதனால் சுவரில் உள்ள அங்கிள் வால்வுக்கு ஹோஸைப் பூட்ட முதல், வாளி பிடித்து அதைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும் மட்டும் ஓடவிட வேண்டும். ஏற்கெனவே பூட்டியாகிவிட்டால், தண்ணீரை மூடி, வால்வின் தொப்பியைத் திருப்பிக் கழற்றி, றப்பரையும் ஹோஸ் பூட்டும் இடத்தில் உள்ள சின்ன வடிவலையையும் கழுவிப் போடுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

நிரம்பாததற்குக் காரணம் தாங்கியின் உயரம். தண்ணீர் ஒரு மீற்றர் உயரத்தில் நின்றால் 0.1 பார் அமுக்கம். சிஸ்டர்னுக்கு மேலே 3 மீற்றரில் தாங்கி இருந்தால் வருவது 0.3 பார் மட்டுமே. இன்று வரும் பல வால்வுகளின் வாயில், கூடிய அமுக்கத்துக்கென்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் தடுப்பு வைத்திருப்பார்கள். தாங்கியில் இருந்து இறங்கும் எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு அந்தத் தடுப்பைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் பத்து நிமிடத்தில் நிரம்பினது இரண்டு மூன்று நிமிடத்தில் நிரம்பும். பிறெசர் பம்ப் வைத்த வீட்டில் அது இருக்கட்டும். வாங்கும்போதே வால்வின் ஆகக்குறைந்த அமுக்கம் எவ்வளவு என்று பெட்டியில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பட்டன் தண்டு. மூடியை வைத்த பிறகு பட்டனுக்கும் அடியில் உள்ள வால்வுக்கும் நடுவில் 2, 3 மி.மீ. சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும். தண்டு நீளமாகத் திருகப்பட்டிருந்தால் மூடியின் பாரமே வால்வை அமத்திக்கொண்டிருக்கும், கிண்ணத்துக்குள் எந்நேரமும் மெல்லிய தண்ணீர் ஓடும். மூடியைத் தூக்கினால் ஓட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தண்டைக் கொஞ்சம் திருகிக் குறைத்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தைப் பிடிக்க, கேக்குக்குப் போடும் கலரிங் சில துளி சிஸ்டர்னுக்குள் விட்டு அரை மணித்தியாலம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடி றப்பரால் கசிகிறது. நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் என்பது கண்ணுக்குப் பிடிபடாத அளவுதான். ஒரு நாளைக்கு 144 லீற்றர், கிழமைக்கு ஒரு 1,000 லீற்றர்த் தாங்கி. அவ்வளவையும் மோட்டர் கிணற்றில் இருந்து ஏற்ற வேண்டும். றப்பரைக் கழற்றி, விளிம்பில் சிராயோ அச்சுப் பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தும் கசிந்தால் அந்தச் சாமானை மட்டும் உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள். ஒரு வருடம் பாவித்த பிறகு அந்த றப்பரில் வெள்ளையாகப் படிவது எங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு. தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் போய்விடும்.

பைப் வாய் பொருந்தாததும் கொமட்டின் குற்றமல்ல. சுவருக்குப் போகும் வகைக்கு, முடிந்த தரையில் இருந்து பைப்பின் நடு மட்டும் 180 மி.மீ. அளவில் வரும். தரைக்குள் இறங்கும் வகைக்கு, முடிந்த சுவரில் இருந்து பைப்பின் நடு மட்டும் உள்ள தூரம் மொடலுக்கு மொடல் மாறும். மாபிளும் அதன் கலவையும் 20, 25 மி.மீ. எடுத்துக்கொள்ளும். பூச்சு வேலையோடு அளந்து பைப் வைத்துவிட்டு, மாபிள் போட்ட பிறகு கொமட் சுவரில் முட்டுகிறது என்று சொல்வது அதனால்தான். கொமட்டை முதலில் தெரிவுசெய்து, அதன் அளவுத் தாளை மேசனின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பைப் வைக்க வேண்டும். ஏற்கெனவே 20, 40 மி.மீ. பிசகியிருந்தால் ஒதுக்கி வளைத்த றப்பர்க் கனெக்டர் கடைகளில் கிடைக்கும், சுவரை உடைக்க வேண்டியதில்லை.

கழற்றக்கூடியதாகப் பூட்டுவது

எல்லாச் சோதனையும் தேறினாலும், அடுத்த மாதம் ஒரு குறை வெளிவரலாம். ஆகவே திரும்பக் கழற்றக்கூடிய விதமாகப் பூட்டுங்கள். பின்வாய்க்குச் சீமெந்து வேண்டாம், 110 மி.மீ. பைப்புக்கான றப்பர்க் கனெக்டர் போடுங்கள். ஏற்றும்போது சவர்க்காரத் தண்ணீர் பூசினால் வழுக்கிப் போகும். எண்ணெயோ கிறீஸோ றப்பரைக் கெடுக்கும். றப்பரின் மடிப்புகள் சுற்றிவர ஒரே அளவாக உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் மடிந்து நின்றால் அந்தப் பக்கம் கசியும்.

தரையில் துளை போடும்போது, மாபிளைத் தாண்டும் மட்டும் டிறில்லைத் தட்டும் நிலையில் வைக்கக் கூடாது. ரோல் பிளக் வைத்து, ஆணிக்குப் பிளாஸ்டிக் வாசர் போட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கி, ஆட்டம் நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். பாதத்தைச் சுற்றிப் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன். பின்பக்கம் இரண்டு அங்குலம் பூசாமல் விட வேண்டும். எப்போதாவது அடியில் கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குத் தெரியும். முழுக்க மூடிவிட்டால் தண்ணீர் மாபிளுக்குக் கீழேதான் போகும். மேசன் சீமெந்துதான் வேண்டும் என்று நின்றால், பாதத்துக்கு அடியில் பொலித்தீன் விரித்து, ஒன்றுக்கு ஆறு என்ற மெலிந்த கலவையாக வைக்கச் சொல்லுங்கள். கடும் கலவை இறுகும்போது பீங்கானைப் பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது பாதமும் சேர்ந்து வரும்.

வேலை முடிவில் மாபிள் கழுவ அசிற் ஊற்றுவார்கள். அது பீங்கானின் பூச்சை ஒன்றும் செய்யாது. பட்டனின் பளபளப்பையும் ஆணிகளையும் தின்றுவிடும். அதற்கு முதல் எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடுங்கள், பிறகு தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால்

வெடிப்பு, உள்வழி அடைப்பு, பெரிய நெளிவு, இரவுச் சோதனையில் கசிவு, இந்த நாலில் ஒன்று இருந்தால் அன்றைக்கே கடைக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில் கதைத்தாலும், படத்தையும் வாளிச் சோதனையின் வீடியோவையும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், திகதி பதிவாகிவிடும். கோபமாகத் தொடங்க வேண்டியதில்லை: “முதலாளி, இன்னும் பூட்டேல்லை. இரவு தண்ணி நிரப்பி வைச்சது, வளைவுக்குள்ளால ஒழுகுது. ஆளை அனுப்பிப் பாருங்கோ.” பூட்டவில்லை என்ற அந்த ஒரு வசனம் பாதி வாதத்தை முடித்துவிடும். கடைக்காரருக்கும் அது உதவி. கம்பனியிடம் மாற்றிக் கேட்க அவருக்குச் சேதமில்லாத பொருள் கையில் இருக்கிறது.

“விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, அந்த வகைப் பொருளை வியாபாரமாகச் செய்பவர் விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும். வாங்கியவர் பார்த்து வாங்கியிருந்தால், பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அது பொருந்தாது. வளைவுக்குள் உள்ள வெடிப்பு எந்தக் கடையிலும் பார்வையில் தெரியாது. சிஸ்டர்ன் மூடியின் உடைந்த மூலை தெரியும். கடையில் நன்றாகப் பார்த்து வாங்குங்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் தீராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கின நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்குச் சாமானை முன்கூட்டி வாங்கி ஆறு மாதம் ஒரு அறையில் அடுக்கி வைக்கிறவர்கள் இந்தக் காலக்கெடுவைக் கவனியுங்கள். பூட்டுகிற நாள் தள்ளி இருந்தாலும், பந்துச் சோதனையையும் இரவுச் சோதனையையும் வாங்கின கிழமையே செய்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வையுங்கள். கடிதத்தோடு பில்லின் பிரதி, உத்தரவாதக் காட்டின் பிரதி, மொடல் இலக்கம் தெரியும் படம், கசிவு தெரியும் படம், கடைக்கு அறிவித்த செய்தியின் படம் ஆகியவற்றை இணையுங்கள். மூலப் பில்லைக் கொடுத்துவிட வேண்டாம்.